வாக்கில்லாதவரின் குரல்

அமெரிக்காவின் குடியேற்றச் சட்டத்தைத் திருத்துவது அந்நாட்டின் உள்விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. பெங்களூரில் தமிழர் வாழும் பகுதிகளில், அமெரிக்காவில் ஒரு மகனோ மகளோ பேரப்பிள்ளையோ இல்லாத தெருவைக் காண்பது அரிது. விசாவுக்காக இரவு ரயிலேறிச் சென்னை சென்று, ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன் வரிசையில் நின்று வந்தவர்கள் இந்நகரில் ஏராளம். 2025 ஜனவரியில்தான் பெங்களூரிலும் ஒரு துணைத் தூதரகம் திறக்கப்பட்டது. அந்த வரிசை ஒரு நாளில் முடிந்துவிடும். ஆனால் அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை தரும் கிரீன் கார்டுக்கான வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அதைச் சீர்செய்யச் சாமானிய மக்கள் நடத்திய இயக்கங்கள் எங்கே வென்றன, எங்கே தோற்றன என்பதை ஆராய்வது அவசியமாகும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலையின் அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் கிரீன் கார்டுகள் வழங்கப்படலாம். மனைவி, மக்களும் இந்தக் கணக்கில் அடக்கம். பொதுவாக எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. 140 கோடிக்கு மேல் மக்கள் கொண்ட இந்தியாவுக்கும், சுமார் 4 லட்சம் பேரே வாழும் ஐஸ்லாந்துக்கும் ஒரே உச்சவரம்பு. இந்திய இளைஞர்கள் பெருமளவில் எச்-1பி விசாவில் சென்று வேலை பார்ப்பதால், அவர்களுடைய வரிசை மட்டும் அனுமார் வாலாக நீண்டுவிட்டது. அவர்கள் வரி கட்டுகிறார்கள், வீடு வாங்குகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். வாக்குரிமை மட்டும் இல்லை. வாக்கில்லாதவர் சட்டத்தை எப்படி மாற்றுவது? இதுதான் இந்தப் பிரச்சினையின் மையக் கேள்வி.

இந்தக் கேள்வி இந்தியர்களுக்குப் புதிதல்ல. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து குடியேறுவதைத் தடுத்தது. 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே அப்போது வாழ்ந்த இந்தியர்கள் சில ஆயிரம் பேரே. அவர்கள் சோர்ந்துவிடவில்லை. நியூயார்க்கில் வணிகரான ஜே.ஜே. சிங்கும், கலிபோர்னியாவில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றும் விவசாயம் செய்துவந்த தலிப் சிங் சவுந்தும் முன்னின்று ஆதரவு திரட்டினர். குடியரசுக் கட்சியின் கிளேர் பூத் லூஸ் அம்மையாரும், ஜனநாயகக் கட்சியின் இம்மானுவேல் செல்லரும் இவர்களுடைய கோரிக்கையைச் சபைக்குக் கொண்டுசென்றனர். 1946 ஜூலை 2-ஆம் தேதி ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டம், ஆண்டுக்கு 100 இந்தியர் குடியேறவும், அங்குள்ள இந்தியர் குடியுரிமை பெறவும் வழி திறந்தது. நூறு என்பது அற்ப எண்தான். ஆனால் அந்தச் சிறு வாசல் வழியே 1949-இல் குடிமகனான சவுந்த், 1956-இல் அமெரிக்க காங்கிரசுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

செல்லரின் வரலாறும் நினைவில் கொள்ளத்தக்கது. நாட்டுவாரி ஒதுக்கீட்டை விதித்த 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் இளம் அங்கத்தினராக இருந்து எதிர்த்தார், தோற்றார். 41 ஆண்டுகளுக்குப் பின், 1965-இல், அந்த ஒதுக்கீட்டை ஒழித்த சட்டம் அவர் பெயரையும் தாங்கி வந்தது. குடியேற்றச் சட்டத்தில் நியாயம் கிடைக்க ஒரு தலைமுறைக்கு மேல் ஆகலாம் என்பதே இதன் பாடம்.

அண்மைக் கால வரலாற்றில் 2006, 2007 ஆகிய இரண்டு ஆண்டுகள் முக்கியமானவை. முறையான அனுமதியின்றி அமெரிக்காவில் இருப்பதையே பெருங்குற்றமாக்கும் மசோதா ஒன்று, 2005 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. அப்படிப்பட்டவர்களுக்கு உதவுவோரும் தண்டனைக்கு ஆளாகும் நிலை ஏற்பட்டது. சட்டமானால் கீழ்ப்படிய வேண்டாமென்று தம் பாதிரியார்களிடம் கூறப்போவதாக லாஸ் ஏஞ்சல்ஸ் கர்தினால் ரோஜர் மஹோனி அறிவித்தார். ஸ்பானிஷ் மொழி வானொலி அறிவிப்பாளர்கள் மக்களை ஊர்வலத்துக்கு அழைத்தனர். அமெரிக்கக் கொடியுடன் அமைதியாக வாருங்கள் என்று கேட்டுக்கொண்டனர். 2006 மார்ச்சில் சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சல்சிலும் லட்சக்கணக்கானோர் திரண்டனர். ஓட்டல்களில் பாத்திரம் கழுவுவோரும், தோட்டங்களில் பழம் பறிப்போரும், கட்டட வேலையாட்களும் அதில் இருந்தனர். "இன்று நடக்கிறோம், நாளை வாக்களிப்போம்" என்பது அவர்களின் கோஷம். அந்த மசோதா செனட் சபையைத் தாண்டவில்லை.

ஆனால் மக்கள் இயக்கம் என்பது ஒரு தரப்புக்கே உரிய ஆயுதம் அல்ல. 2007 ஜூனில், அனுமதியின்றி வாழ்வோருக்குச் சட்ட அந்தஸ்து தரும் விரிவான சீர்திருத்த மசோதா செனட்டுக்கு வந்தது. ஜனாதிபதி புஷ் ஆதரித்தார். இரு கட்சிகளிலும் தலைவர்கள் சிலர் ஆதரித்தனர். எதிர்த்தவர்கள் யார்? குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்னும் 'நம்பர்ஸ் யுஎஸ்ஏ' போன்ற அமைப்புகளின் அழைப்பை ஏற்ற சாதாரணக் குடிமக்கள்தான். அவர்கள் ஊர்வலம் போகவில்லை. தத்தம் செனட்டருக்குத் தொலைபேசியில் பேசினார்கள். ஜூன் 28-ஆம் தேதி வாக்கெடுப்பின்போது அழைப்புகளின் நெருக்கடியால் செனட்டின் தொலைபேசி இணைப்பகமே செயலிழந்தது. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்ல 60 வாக்குகள் தேவை, கிடைத்தவை 46. மசோதா மாண்டது.

அமெரிக்க மக்கள் சபை அங்கத்தினரின் அலுவலகத்தில், தொகுதியிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதமும் ஒவ்வொரு அழைப்பும் ஆதரவா எதிர்ப்பா என்று கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்கை இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திப்பவர் அலட்சியம் செய்ய முடியாது. ஆதலால்தான் தெருவில் நடந்த லட்சக்கணக்கானோரால் ஒரு தீய மசோதாவைத் தடுக்க முடிந்தது. தம் மசோதாவை நிறைவேற்றிக்கொள்ள முடியவில்லை. தொலைபேசியில் பேசியவர்களிடம் வாக்கு இருந்தது; நடந்தவர்களில் பலரிடம் அது இல்லை.

அடுத்த மாதமே இந்தியர்களின் முறை வந்தது. 2007 ஜூலையில் வேலைவாய்ப்புப் பிரிவினர் பெரும்பாலோர் கிரீன் கார்டின் இறுதிக்கட்ட மனுவைக் கொடுக்கலாம் என்று ஜூனில் அறிவிக்கப்பட்டது. மருத்துவப் பரிசோதனை முடித்து, இந்தியாவுக்கு வந்திருந்த மனைவி மக்களை அவசரமாக வரவழைத்து, பலரும் ஆயத்தமாயினர். ஜூலை 2-ஆம் தேதி, எண்கள் தீர்ந்துவிட்டன, மனுக்கள் ஏற்கப்படா என்று அரசு கைவிரித்துவிட்டது. வேறொருவராயிருந்தால் கொதித்தெழுந்திருப்பார்கள். இவர்களோ குடியேற்றத்துறை இயக்குநர் எமிலியோ கோன்சாலசுக்கு மலர்க்கொத்துகளை அனுப்பினார்கள்! 2006-இல் வெளிவந்த 'லகே ரஹோ முன்னா பாய்' இந்திப் படம் பரப்பிய காந்தி வழியே இதற்குத் தூண்டுகோல். ஜூலை 10-ஆம் தேதி பூக்கள் குவிந்தன. காயமுற்ற போர்வீரர்கள் இருந்த மருத்துவமனைகளுக்கு அவற்றை அனுப்புவதாக இயக்குநர் அறிவித்தார். சான் ஹோசே நகரில் ஊர்வலமும் நடந்தது. வழக்கும் தொடரப்பட்டது; பிரதிநிதிகள் சபையின் குடியேற்றத் துணைக்குழுத் தலைவர் ஜோ லோஃப்கிரென் அம்மையாரும் அரசைத் தட்டிக் கேட்டார். ஜூலை 17-ஆம் தேதி அரசு இறங்கிவந்து மனுக்களை ஏற்றுக்கொண்டது.

இது பெருமைக்குரிய வெற்றி என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் எல்லையையும் உணர வேண்டும். அது அதிகாரிகளின் ஆணை ஒன்றை மாற்றிய வெற்றி. 7 சதவீத உச்சவரம்பு அப்படியே இருந்தது. ஆணை வேறு, சட்டம் வேறு. சிறு வயதில் பெற்றோருடன் அனுமதியின்றி வந்த இளைஞர்களின் கதையும் இதையே காட்டுகிறது. 2010-இல் நான்கு மாணவர்கள் மயாமியிலிருந்து வாஷிங்டன் வரை சுமார் 1,500 மைல் நடந்தார்கள். அவர்களுக்கான மசோதா அவ்வாண்டு டிசம்பரில் செனட்டில் 55 வாக்குகள் பெற்றும், 60 எட்டாமல் வீழ்ந்தது. 2012-இல் ஜனாதிபதி ஒபாமா ஆணை வழியாகப் பாதுகாப்பு அளித்தார். 2017-இல் அடுத்த அரசு அதை முடிக்க முற்பட்டது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவைத் தடுத்தது. ஒருவர் கையால் வந்தது இன்னொருவர் கையால் போகும். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று ஜனாதிபதி டிரம்ப் பிறப்பித்த ஆணை எத்தனை குடும்பங்களைக் கலங்கவைத்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள். எனவே சட்டமே நிலையான காப்பு.

அந்தச் சட்டம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் உண்டு. 2013-இல் செனட் 68-க்கு 32 என்ற வாக்கில் நிறைவேற்றிய விரிவான மசோதா, வேலைவாய்ப்புப் பிரிவில் நாட்டுவாரி வரம்பையும் நீக்கியது. பிரதிநிதிகள் சபை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. பிறகு 'இமிக்ரேஷன் வாய்ஸ்' போன்ற அமைப்புகள், விரிவான திருத்தத்துக்குக் காத்திராமல் வரம்பை நீக்க மட்டும் தனி மசோதா கேட்டன. ஊழியர்கள் விடுமுறை எடுத்துக்கொண்டு வாஷிங்டன் சென்று, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினர். பூக்கள் போய்ச் சேர்ந்து சரியாக 12 ஆண்டுகள் கழித்து, 2019 ஜூலை 10-ஆம் தேதி, பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று மசோதா வென்றது. 2020 டிசம்பரில் செனட்டும் தன் மசோதாவை ஒருமனதாக ஏற்றது. ஆனால் இரண்டு வாசகங்களும் வேறுபட்டிருந்தன. அவற்றை ஒன்றாக்குமுன் காங்கிரசின் காலம் முடிந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

தாழி ஏன் உடைந்தது? மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் வரம்பை மட்டும் நீக்கினால், இந்தியர் வரிசை குறையும். மற்ற நாட்டவர் வரிசை நீளும். ஆகவே பிற நாட்டு நர்சுகளும் ஆராய்ச்சியாளர்களும் அஞ்சினர். எதிர்த்து இயக்கம் நடத்தினர். ஒரு வரிசை இன்னொரு வரிசையோடு மோதியது. அந்த மோதலில் ஆண்டுகள் கரைந்தன. நம்மவர் கோரிக்கை நியாயமானதே. ஆயினும் நமக்கு மட்டும் என்று கேட்கும் இயக்கத்துக்குத் துணைவர் குறைவு, எல்லோருக்கும் என்று கேட்கும் இயக்கத்துக்கே வலிமை மிகுதி என்பதை இந்த அனுபவம் உணர்த்துகிறது. பழம் பறிக்கும் மெக்சிகோ தொழிலாளியின் குறை வேறு, கம்ப்யூட்டர் முன் அமரும் நம் பிள்ளையின் குறை வேறு என்று பிரித்துப் பார்ப்பது இருவரையும் பலவீனப்படுத்தும்.

இதற்குள் இன்னொரு அவலம் வளர்ந்திருக்கிறது. மூன்று வயதில் பெற்றோருடன் முறையான விசாவில் சென்ற குழந்தை, 21 வயதானதும் சார்ந்திருப்பவர் என்ற தகுதியை இழக்கிறது. வரிசையில் தகப்பனாரின் முறை இன்னும் வந்திருக்காது. மாணவர் விசாவில் மாறலாம். இல்லையேல், நினைவில் இல்லாத நாட்டுக்குத் திரும்ப வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளைகளே கூடி 'இம்ப்ரூவ் தி ட்ரீம்' என்ற அமைப்பைக் கண்டனர். அவர்களுக்காக 2021-இல் இரு சபைகளிலும் இரு கட்சியினரும் சேர்ந்து மசோதா கொண்டுவந்தனர். அது சட்டமாகவில்லை. எனினும் இவ்வியக்கம் நடந்த விதம் பாராட்டத்தக்கது. யாருடைய இடத்தையும் பறிக்காமல், இங்கே வளர்ந்த எந்த நாட்டுப் பிள்ளையையும் வெளியேற்றாதீர் என்று அது கேட்கிறது.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். அமெரிக்காவில் இந்திய வம்சாவளியினர் 50 லட்சத்துக்கு மேல் இருக்கின்றனர். அவர்களில் குடியுரிமை பெற்று வாக்களிப்போர் மிகப் பலர். வரிசையில் நின்று உள்ளே போனவர்கள், வெளியே நிற்பவரை மறந்துவிடலாமா? ஏறியபின் ஏணியை எட்டி உதைப்பது பண்பாகாது. வாக்குள்ளவர் தம் தொகுதி அங்கத்தினருக்கு ஒரு கடிதம் எழுதுவது, வாக்கில்லாதவர் நூறு பேர் கூடி நிற்பதற்குச் சமம். அமெரிக்கக் குடிமக்களான பிள்ளைகளிடம் இங்குள்ள பெற்றோர் தொலைபேசியில் பேசும்போது, பேரப்பிள்ளைகளின் நலத்தோடு இதையும் விசாரிக்கலாம்.

நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பிற மாநிலத்தில் வாழ்ந்து, அந்நியன் என்ற பார்வையின் கசப்பை அறிந்தவர்கள் நாம். 2012 ஆகஸ்டில் வதந்திக்கு அஞ்சி வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் இந்நகரை விட்டு ரயிலேறியதைக் கண்டவர்களும் நாமே. அமெரிக்காவிடம் நம் பிள்ளைகளுக்காகக் கேட்கும் நியாயத்தை, நம் வாசலில் வந்து நிற்கும் பீகார், ஒடிசா தொழிலாளிக்கு மறுத்தால், நம் குரலில் வலுவிராது.

சில ஆயிரம் இந்தியர், நூறு இடங்களுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடி வென்றார்கள். இன்று இருப்பவர்கள் அவர்களைவிட எண்ணிக்கையிலும் வசதியிலும் பன்மடங்கு மேலானவர்கள். பொறுமையும் பரந்த நோக்கமும் சேர்ந்தால், வாக்கில்லாதவரின் குரலும் சட்டத்தின் செவியில் விழும். அதற்கு வாக்குள்ளவர் துணை நிற்க வேண்டும்.