சாயம் சொல்லும் சேதி

1896-இல் கிளாஸ்கோவின் அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோயில் சினைப்பைகளை அகற்றினால் கட்டி சுருங்குவதுண்டு என்று எழுதினார். நான்கே ஆண்டுகளில் ஸ்டான்லி பாய்ட் பல மருத்துவர்களின் அனுபவங்களைத் திரட்டிப் பார்த்தார். பலன் கண்டவர் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக மூவருக்கும் கத்தி, ஒருவருக்கே பலன் என்ற நிலை நீடித்தது.

விடைக்கான திறவுகோலை 1950-களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கண்டெடுத்தார். ஈஸ்ட்ரோஜனைப் பிடித்து நிறுத்தும் ஏற்பிப் புரதம் சில கட்டிகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. உள்ளவையே ஹார்மோன் சிகிச்சைக்குப் பணிகின்றன. கருத்தடை மருந்துக்கான தேடலில் பிறந்து, அதில் தோற்ற டமாக்ஸிஃபென், 1970-களில் இந்தக் கட்டிகளுக்கு மருந்தானது. 1987-இல் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர், ஹெர்2 மரபணு பெருகிய கட்டிகள் வேகமாகத் திரும்பி வருவதைக் காட்டினர். 1998-இல் அந்த மரபணுவின் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆயுளைக் குறைக்கும் என்று அஞ்சவைத்த அடையாளமே மருந்துக்கு இலக்காயிற்று. 2014-இல் பெங்களூரின் பயோகான் அதன் இந்திய வடிவத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

கொங்கு நாட்டுக்கு மருத்துவ வசதி புதிதல்ல. கோவையில் ஜி.கே.என்.எம். மருத்துவமனை 1952-இலும், அரசு மருத்துவக் கல்லூரி 1966-இலும் வந்துவிட்டன. புற்றுநோய் என்றால் சென்னை அடையாறுக்குத்தான் ரயிலேற வேண்டும் என்ற காலம் போய்விட்டது. தாராபுரத்திலும் கோபியிலும் உடுமலையிலும் இருந்து கீமோவுக்கும் ‘கரண்ட்’ (கதிர்வீச்சு) வைக்கவும் கோவைக்கு வருகிறார்கள். இனி கவலைப்பட வேண்டியது மருந்தைப் பற்றி மட்டுமல்ல, ‘சதை டெஸ்ட்’டுக்கு (திசுப் பரிசோதனைக்கு)ப் போகும் பாட்டிலைப் பற்றியும்தான்.

வெட்டி எடுத்த நிமிடமே திசுவிலுள்ள புரதங்கள் சிதையத் தொடங்குகின்றன. ஒரு மணி நேரத்துக்குள் அது பத்து சதவீத ஃபார்மலினுக்குள் போக வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும், 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் இருக்க வேண்டும். பெரிய கட்டியைக் கீறித் திறக்காமல் அப்படியே போட்டால் ஃபார்மலின் நடுப்பகுதியைத் தொடாது. வெறும் சலைனில் போட்டு ராத்திரி முழுக்க வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். துணியைப் பதப்படுத்தாமல் தொட்டியில் இறக்கினால் சாயம் பிடிக்காது என்பது திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரர் அறிந்ததுதான். திசுவும் அப்படித்தான்: ஆய்வகத்தில் சாயமேற்றும்போது, ஏற்பி இருக்கும் இடத்தில் பழுப்பேற வேண்டிய செல்கள் வெளிறிக் கிடக்கும்; ரிப்போர்ட் ‘நெகட்டிவ்’ என்று வரும். விலை மலிந்த மாத்திரையால் பல ஆண்டு காக்கப்பட்டிருக்க வேண்டிய பெண்ணுக்கு அந்த மாத்திரை எழுதப்படாமலே போகும்.

ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பி.ஆர். (புரொஜெஸ்டிரோன் ஏற்பி), ஹெர்2 மூன்றும் இல்லாத கட்டிகளின் விகிதம் மேலை நாடுகளைவிட இந்திய ஆய்வுகளில் கூடுதலாகவே பதிவாகிறது. அதில் பொய் நெகட்டிவ் எத்தனை என்ற கேள்வி எப்போதும் உடன் வருகிறது.

முதல் ரிப்போர்ட் சரியாகவே இருந்தாலும் அது நிரந்தரமல்ல. ஆண்டுக்கணக்கில் ஹார்மோன் மருந்து சாப்பிடும்போது சில கட்டிகளின் ஏற்பியிலேயே மரபணு மாற்றம் நேர்கிறது. அவை ஈஸ்ட்ரோஜன் இல்லாமலே வளரக் கற்றுக்கொள்கின்றன. சிலவற்றில் ஏற்பியே மறைந்துபோகிறது. அதனால் நோய் திரும்பும்போது, இயன்றவரை புதிதாகத் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். “பழைய ரிப்போர்ட்டுதான் இருக்குதுங்களே” என்று வீட்டார் கேட்பது நியாயம்தான். ஆனால் பழைய ரிப்போர்ட் பழைய கட்டியைப் பற்றியது.

2022 முதல் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமாகிவிட்டது. ஹெர்2 குறைவாக உள்ள கட்டிகளிலும் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் என்ற மருந்து ஆயுளை நீட்டுவது தெரிந்தது. ஹெர்2 சாயத்துக்கு இடும் மதிப்பெண்ணில் பூஜ்யத்துக்கும் ‘ஒன் பிளஸ்’ஸுக்கும் உள்ள மெல்லிய வேறுபாடு மருந்தைத் தீர்மானிக்கத் தொடங்கியது. 2024 ஜூலை மத்திய பட்ஜெட் அம்மருந்துக்கு சுங்கவரி விலக்கும் அளித்தது. விலை குறைய வேண்டியதுதான். ஆனால் யாருக்குத் தர வேண்டும் என்பதை, சிறு நகர அறுவை அரங்கில் ஒருவர் பாட்டிலை மூடிய நேரமும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. கட்டி எடுத்த நேரமும் ஃபார்மலினில் இட்ட நேரமும் ஒவ்வொரு பாட்டிலின் லேபிளிலும் எழுதப்பட வேண்டும். ஹெர்2 ‘டூ பிளஸ்’ என்று ஐயத்துக்கிடமாக வந்தால், மரபணு பெருகியுள்ளதா என்று பார்க்கும் ஃபிஷ் சோதனைக்கான செலவு நோயாளியின் தலையில் விழக் கூடாது. நோய் திரும்பும்போது செய்யும் திசுப் பரிசோதனையையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே காப்பீடு ஏற்க வேண்டும். தவறான மருந்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இவை எதுவும் பெரிய செலவல்ல.