பழைய செடியா, சொந்த விதையா?

கேள்வி: சாமந்தி, செண்டுமல்லி இரண்டும் போட்டிருக்கிறேன். பூ ஓய்ந்தபின் பழைய செடியை விட்டுவைக்கலாமா, விதை எடுத்துப் போடலாமா? – வாசகி, தருமபுரி மாவட்டம்.

பதில்: இரண்டுக்கும் ஒரே வழி கிடையாது அம்மா. சாமந்தியில் விதையை நம்பாதீர்கள். தாய்ச்செடியின் பூ அப்படியே வராது. பூ ஓய்ந்ததும் தரையோடு வெட்டி, உரமிட்டு, நீர் பாய்ச்சினால் மறுதாம்பு தழையும். அடியில் கிளம்பும் பக்கக்கன்றுகளை வேரோடு பிரித்து ஜூன், ஜூலையில் 30 செ.மீ. இடைவெளியில் நடலாம். வாடல் நோய் கண்ட செடியில் மட்டும் கன்று எடுக்க வேண்டாம். நோயும் கூடவே வரும்.

செண்டுமல்லி ஒரு போகச் செடி, பிடுங்கிவிடுங்கள். நாட்டு ரகமென்றால் நல்ல செடியில் சில பூக்களைப் பறிக்காமல் காயவிட்டு விதை எடுக்கலாம். வீரிய ஒட்டு ரகத்தின் விதையோ கலவையாக வரும். ஆயுத பூஜை நேரத்தில் பூ ஒரே அளவாக இல்லாவிட்டால் வியாபாரி விலையைக் குறைப்பார். அதற்குப் புது விதையே வாங்குங்கள்.