ஓடத் தெரிந்த பிள்ளைக்கு பஸ் காசு யார் கொடுப்பது?

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஒரு மாணவி, அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். குறுவட்டப் போட்டியில் 800 மீட்டரில் முதலிடம், அதுவும் வெறுங்காலில். ஆனால் வருவாய் மாவட்டப் போட்டிக்கு அவள் போகவில்லை. அழைத்துப் போக பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அம்மாவாலும் போக முடியவில்லை.

இதைப் பற்றிப் பேசப் போனபோது ஒரு ஆசிரியர் சொன்னார்: "காலனிப் புள்ளைங்களுக்கு ஓட்டம் ரத்தத்துலயே இருக்கு சார், தனியா பயிற்சி எதுக்கு?" பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குள் இருப்பது சாதி. படிப்பு ஒருவருக்குப் பிறப்பிலேயே வரும், உடலுழைப்பு இன்னொருவருக்குப் பிறப்பிலேயே வரும் என்ற அதே பழைய கணக்கு. பிறவியிலேயே வருமென்றால் பயிற்சியாளர், காலணி, முட்டை, பஸ் காசு எதையும் அரசு தர வேண்டியதில்லை அல்லவா?

சாந்தி சவுந்தரராஜனை நினைத்துப் பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் இதே 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். பிறகு அவரும் சூளையில் கூலி வேலை பார்த்தார். திறமை அவரை தோஹா வரை கொண்டுபோனது. அவர் விழுந்தபோது தாங்கிப் பிடிக்கப் போதுமான அமைப்பு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் விளையாட்டு மைதானம் இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் பகுதிநேர உடற்கல்விப் பயிற்றுநரும் வேண்டும். 2012இல் தமிழக அரசு உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்விக்கு 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. மாதம் 5,000 ரூபாய், வாரம் மூன்று அரை நாள். அரை நாள் வாத்தியாரை வைத்து ஓட்டக்காரரை உருவாக்க முடியுமா? இருக்கிற பி.டி. பீரியடையும் பத்தாம் வகுப்பு வந்தால் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார்.

"விளையாட்டுதானே" என்று கடந்துபோக முடியாது தோழர்களே. அரசு வேலையில் 3 சதவீதமும், பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்களும் விளையாட்டு வீரர்களுக்கு உண்டு. அதற்கான நுழைவுச் சீட்டு மாநில, தேசிய அளவிலான சான்றிதழ்கள். அந்த மாணவிக்குக் கதவு அடைபட்டது கல்லூரி வாசலில் அல்ல, வருவாய் மாவட்டப் போட்டிக்குப் போகும் பேருந்து நிறுத்தத்தில். நம் இடஒதுக்கீட்டைப் பற்றி ஊரே பேசுகிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் எந்தப் பள்ளிப் பிள்ளைகள் உட்காருகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

நாம் கேட்போம். உங்கள் ஒன்றியத்து அரசுப் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் உடற்கல்விப் பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை, போட்டிக்குப் போகும் மாணவருக்குப் பயணச் செலவு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பதிலை எடுத்துக்கொண்டு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். அங்கே நம் தெருப் பெற்றோர் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

அந்த மாணவி இப்போதும் ஏரிக்கரையில் தினமும் ஓடுகிறாள். அடுத்த போட்டிக்கு அவளோடு பஸ் ஏறப் போவது யார்?