உள்ளே ஒட்டியிருந்த எச்சரிக்கை



இண்டூரில் ஒரு மாலை வேளையில் வாலிபர் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோல் பந்து. மட்டை பிடிக்க வந்த ஒவ்வொருவனும், ஆட்டமிழந்து வெளியேறுகிறவனின் தலையிலிருந்து அதே கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டான். ஆட்டம் முடிந்தபின் அதை வாங்கிப் பார்த்தேன். உட்புறத்தில் வியர்வையால் பாதி அழிந்த ஒரு சீட்டு. மிகச் சிறிய ஆங்கில எழுத்துகள். “இதைப் படித்ததுண்டா?” என்றேன். “துவைக்கிற முறைதானே, ஐயா?” என்றான் ஒரு தம்பி.

அதில் இருந்தவை இரண்டே செய்திகள். எந்தக் கவசமும் எல்லாக் காயங்களையும் தடுக்காது. பலத்த அடி பட்ட கவசத்தை மாற்றிவிட வேண்டும்.

முதலாவது எவ்வளவு மெய் என்பதை உலகம் 2014 நவம்பரில் சிட்னி மைதானத்தில் கண்டது. ஆஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் கவசம் அணிந்தே ஆடினார். பந்தோ கவசம் மூடாத கழுத்தில் பட்டது. இரண்டு நாளில் மரித்தார், வயது 25.

இரண்டாவதுதான் நம் ஊர்களுக்கு அதிகம் உரியது. கவசத்தினுள் இருக்கும் மெத்தைப் பகுதி தான் நசுங்கி அடியின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை அதே அளவு தாங்காது. வெளியே ஓடு பளபளவென்றிருக்கும். அண்ணன் தலையில் அடி வாங்கியதைத் தம்பிக்குக் கொடுக்கிறோம். சிக்கனம் என்றும் அதற்குப் பெயரிடுகிறோம்!

படிக்காதது பிள்ளைகளின் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் வாசிக்க இயலாத மொழியில், அவர்கள் பார்க்காத இடத்தில் ஒட்டப்பட்ட சீட்டு, செய்தவரை வழக்கிலிருந்து காக்கலாம். அணிகிறவனை எப்படிக் காக்கும்? உபாகமம் 22-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தில் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டும்படி கட்டளை இருக்கிறது. ‘விளிம்பில் கவனம்’ என்று எழுதிவைத்தால் போதும் என்று அங்கே சொல்லப்படவில்லை. ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். விழுந்தவன் எச்சரிக்கையை வாசித்தானா என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

ஆகையால் கேள்வி பெரியவர்களாகிய நம்மிடம் வருகிறது. கோப்பைக்கும் சீருடைக்கும் ஊரெல்லாம் நன்கொடை திரட்டுகிறோம். கவசத்துக்கென்று யாராவது ஒரு ரூபாய் கேட்டதுண்டா? கடையில் வாங்கும்போதே அந்தச் சீட்டைத் தமிழில் வாசித்துக் காட்ட நமக்கு எத்தனை நிமிடம் ஆகும்?

அந்தப் பழைய கவசம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. புதியது வரும்வரை ரப்பர் பந்தில் ஆடச் சொல்லியிருக்கிறேன். தம்பிமாருக்கு என்மேல் சற்று மனவருத்தந்தான்.