படலையில் காத்திருந்த பிள்ளை

தேசிக்காய் ஊறுகாயை ஆண்டு முழுவதும் பழுதுபடாமல் வைத்திருக்கும் முறையை இவ்வாரம் எழுதுவதாகச் சென்ற வாரம் வாக்களித்திருந்தேன். சகோதரிகள் மன்னிக்க வேண்டும். ஊறுகாய் இன்னுமொரு வாரம் பொறுக்கும். இன்று நான் சொல்ல வந்தது 61 வருடங்களாக என்னுள்ளேயே ஊறிக் கிடந்த வேறொரு விஷயம்.

என் மகள் கனடாவில், ரொறன்ரோ நகரில் வசிக்கிறாள். அவளுடைய மகனுக்கு நான்கு வயது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. விளையாட்டு ரயில்பெட்டிகளை உருட்டி விளையாடாது, சுவரோரமாக வரிசைப்படுத்தி வைப்பான். அவற்றுள் ஒன்றை எவரேனும் நகர்த்திவிட்டால் அன்று வீடு இரண்டுபடும். வைத்தியர்கள் அவனைப் பரிசோதிக்கு முன்னர் ஒரு நீண்ட வினாப் பத்திரத்தை நிரப்பித் தரும்படி கேட்டிருந்தனர். குடும்பத்தில் முன்னோர் எவருக்கேனும் இத்தகைய இயல்புகள் இருந்தனவா என்பதும் அதில் ஒரு பகுதி. அதன்பொருட்டே மகள் ஒரு சனிக்கிழமை என்னைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் லேபல் உறுத்துகிறதென்று அழுகிறான், அம்மா."

"அதில் என்ன பிழை? நானும் அப்படித்தான். எந்தச் சட்டையானாலும் அதை வெட்டிய பின்னரே அணிவேன்."

"தினமும் ஒரே சாப்பாட்டைத்தான் கேட்கிறான்."

"நானும் அப்படித்தான். பன்னிரண்டு வயது வரையில் இரவில் புட்டும் வாழைப்பழமுமன்றி வேறொன்றையும் தொட்டவளல்ல."

"கூட்டத்தைக் கண்டால் காதைப் பொத்திக்கொண்டு மேசையின் கீழே போய்விடுகிறான்."

"மேசையின் கீழே போக எனக்கு வயது போதாமலா இருக்கிறது?" என்று சொல்லிச் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. சிறிது நேரம் மறுமுனையில் ஓசையே இல்லை. பின்னர் மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, இந்தக் கேள்விகளை உங்களுக்காக ஒருமுறை வாசிக்கட்டுமா?"

பேரனுக்கு ஓட்டிசம் என்று முடிவாயிற்று. அம்மம்மாவின் கதை அன்று தொடங்கியது.

ஓட்டிசத்தை மதியிறுக்கம் என்று தமிழில் எழுதுவோர் உளர். எனக்கு அச்சொல் உவப்பாக இல்லை. என் மதி ஒருநாளும் இறுகியதில்லை. கணித ஆசிரியையாக 33 வருடம் சேவை செய்திருக்கிறேன். 1943இல் அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில் லியோ கன்னர் என்னும் வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்தே இதன் வரலாற்றைப் பலரும் தொடங்குவர். அவர்களுள் 8 பேர் ஆண்கள். மறு ஆண்டில் வியன்னா நகரத்து வைத்தியர் ஹான்ஸ் அஸ்பேர்கர் விவரித்த நால்வரும் ஆண்பிள்ளைகளே. (இவர்களுக்கெல்லாம் முன்னர் 1925இலேயே மொஸ்கோவில் குறூனியா சுகரேவா என்னும் பெண் வைத்தியர் இத்தகைய பிள்ளைகளை நுணுக்கமாக விவரித்திருந்தார். நெடுங்காலம் அவரை எவரும் பொருட்படுத்தவில்லை. அதற்குக் காரணத்தைச் சகோதரிகளே ஊகித்துக்கொள்க.) ஓட்டிசமென்றால் ஆண்பிள்ளை என்ற சித்திரம் இவ்வாறு பதிந்துவிட்டது. அமைதியாக ஒரு மூலையிலிருந்து புத்தகம் வாசிக்கும் பெண்பிள்ளையை எவர் வைத்தியரிடம் கொண்டு போவார்? "நல்ல அடக்கமான பிள்ளை" என்றல்லவோ ஊர் சொல்லும்!

கன்னர் எழுதிய 11 பேரில் முதலாமவரான டொனால்ட் றிப்லற் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, கோல்ப் விளையாடி, தனியாகவே பல தேசங்களுக்கும் பிரயாணம் செய்து, 2023இல் தமது 89ஆம் வயதில் காலமானார். ஓட்டிசமுள்ள பிள்ளைகளும் வளர்ந்து பெரியவர்களாகின்றனர் என்ற சாதாரண உண்மை உலகத்துக்கு உறைக்க வெகுகாலம் சென்றது. 1981இல் லண்டனில் லோர்ணா விங் என்னும் வைத்தியர் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே, பேச்சிலும் படிப்பிலும் குறைவில்லாதவர்களையும் இந்த வட்டத்துள் சேர்த்துப் பார்க்கலாயினர். அவர் ஓட்டிசமுள்ள ஒரு மகளைப் பெற்ற தாய். 1981இல் நான் உயர்தர வகுப்பு மாணவி. என் போன்றோருக்கு ஏன் எவரும் சொல்லவில்லை என்று நான் எவர்மேல் கோபிப்பது? சொல்லக் கூடியவர்கள் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

மகள் வாசித்த கேள்விகள் பின்னர் எனக்கு உறக்கத்தைக் கெடுத்தன. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2001இல் வெளியிட்ட 50 வாக்கியங்கள் கொண்ட ஒரு சோதனையும் உண்டு. 32 புள்ளியும் அதற்கு மேலும் பெற்றவர்கள் வைத்தியரைக் காண்பது நலம் என்பது அதன் கருத்து. நான் 39 பெற்றேன். அது நோய் நிர்ணயமன்று, வாயிற்படி மாத்திரமே. கூச்ச சுபாவமுள்ளவர், தனிமை விரும்பிகள், பதற்றம் மிகுந்தவர்கள் ஆகியோரும் அதிற் கூடிய புள்ளி பெறக்கூடும். ஆகவே இதை வாசித்துவிட்டு வீட்டிலுள்ள ஊமைக் கணவன்மார் அனைவரையும் ஓட்டிசக்காரர் என்று தீர்ப்பளித்துவிட வேண்டாம்.

என்னைத் திகைக்க வைத்தது புள்ளியன்று, ஒரு கொப்பி. விவாகமான புதிதில் ஓர் அப்பியாசக் கொப்பியில் சில விதிகளை எழுதி வைத்திருந்தேன். கணிதத்துக்குச் சூத்திரம் எழுதுவதைப் போல மனிதருக்கும் எழுதினேன். "கலியாண வீடு: மணப்பெண்ணின் சேலையைப் புகழவும். விலை கேட்கலாகாது." "பேசுபவரின் கண்ணைப் பார்க்க இயலாவிடில் புருவத்தைப் பார்க்கவும்." "ஒருவர் தம் பிள்ளையின் பரீட்சைப் புள்ளியைச் சொன்னால் நம் பிள்ளையின் புள்ளியைச் சொல்லலாகாது." "செத்த வீடு: போகும்போது 'வருகிறேன்' என்று சொல்லலாகாது." இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. சொல்லுக்கும் பொருளுக்கும் நம்மவர் மத்தியில் உடன்பாடு காணக்கூடிய ஓர் இடமாவது இருக்கிறதே!

எல்லாப் பெண்களும் இவ்வாறு ஒரு கொப்பி வைத்திருப்பார்கள், வெட்கத்தினால் வெளியே சொல்வதில்லை என்றே நான் எண்ணியிருந்தேன். மகளிடம் அதைச் சொன்னபோது அவள் அழுதாள். இயல்பை மறைத்து மற்றவர்களைப் போல நடப்பதை ஆராய்ச்சியாளர்கள் முகமூடி என்கின்றனர். பெண்களிடம் அது மிகுதி என்கின்றனர். அதற்கு நாம் செலுத்தும் கிரயம் களைப்பு. ஒரு சாமத்தியச் சடங்குக்குப் போய் வந்தால் இரண்டு நாள் இருட்டறையிற் படுத்திருப்பேன். "அவவுக்குத் தலைக்கனம், ஒருவரோடும் ஒட்டமாட்டா" என்று மச்சாள் சொல்லித் திரிந்தா. அவவில் பிழையில்லை. நானும் என்னைப் பற்றி அவ்வாறே நம்பியிருந்தேன்.

என் கணவர் மாத்திரம் எந்தக் காரணமும் கேட்டதில்லை. கலியாண மண்டபத்தில் மேளம் உச்சத்துக்கு வரும்போது ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "உமக்கு மருந்தெடுக்கிற நேரமாய்விட்டது" என்பார். நான் எந்த மருந்தும் எடுப்பவளல்ல. 35 வருடமாக அந்த மருந்து எங்களை வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறது.

இனிச் சொல்லப் போவது எழுதுவதற்குக் கடினமானது. என் தாயார் காலமான தினத்தில் நான் அழவில்லை. பறைமேளமும் ஒப்பாரியும் ஒருங்கே எழுந்தபோது முற்றத்திலிருந்த வாடகைக் கதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். 84 கதிரைகள், மூன்றுக்குக் கால் வளைந்திருந்தது. எண்ணாமல் விட்டிருந்தால் நான் வீதிக்கு ஓடியிருப்பேன். "கல்நெஞ்சுக்காரி" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். மூன்று வாரங்களின் பின் ஒருநாள் காலை, அம்மாவின் துருவலையைக் குசினிக் கதவின் பின்னாற் கண்டேன். அதன் பக்கத்தில் இருந்தவள் விளக்கு வைக்கும் நேரம் வரையில் எழவில்லை. அதைக் காண வீட்டில் எவரும் இருக்கவில்லை.

இந்தக் கடன் என்னைப் பல வருடம் அரித்தது. பேரனின் செய்தி வந்தபின் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இது என்னிடமிருந்தா அவனுக்குப் போயிற்று? முன்னாளில் மேல்நாட்டு நிபுணர்கள், அன்பு காட்டாத தாய்மாரே இதற்குக் காரணம் என்று எழுதி ஆயிரமாயிரம் தாய்மாரை அழ வைத்தனர். 1964இல் பேர்னாட் றிம்லன்ட் என்பவர் அக்கூற்றை மறுத்து நூல் எழுதினார். அவரும் ஓட்டிசமுள்ள ஒரு மகனின் தந்தை. 1977இல் லண்டனில் 21 சோடி இரட்டையர்களை ஆராய்ந்து, பரம்பரைக்கே பெரும் பங்கு உண்டெனக் கண்டனர். தாய் தப்பினாள், அம்மம்மா அகப்பட்டாள் என்று நான் மகளிடம் வேடிக்கையாகச் சொல்ல முயன்றேன். அவள் சொன்னாள்: "அவன் உங்களைப் போல வருவான் என்று வைத்தியர் முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன், அம்மா." இதற்கு என்ன மறுமொழி சொல்வதென்று என் கொப்பியில் இல்லை.

அவன் என்னைப் போல வருவானா என்பதை எவரும் அறியார். இவ்வியல்புடைய சிலர் வாழ்நாள் முழுவதும் பேசாதிருப்பர். சிலருக்கு உண்ணவும் உடுக்கவும் இறுதிவரை துணை வேண்டும். என்னை அளவுகோலாக வைத்து அவனை அளப்பது பிழை.

நான் முதலிற் கண்ட வைத்தியர், "உத்தியோகம் பார்த்து, குடும்பம் நடத்தி, ஓய்வும் பெற்றுவிட்டீர்கள். இனி இது எதற்கு?" என்று சிரித்தார். நியாயமான கேள்விதான். இதற்கு மருந்தில்லை, என் வயதில் சலுகை கேட்கவும் இடமில்லை. ஸ்கொட்லாந்துப் பாடகி சூசன் போயில் 2009இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியிற் பாடி உலகப் புகழ் பெற்றவர். பிறக்கும்போது மூளையிற் சேதம் நேர்ந்ததென்று சொல்லப்பட்டே வளர்ந்தவர் அவர். தமக்கிருப்பது அஸ்பேர்கர் இயல்பு என்பதை 52ஆம் வயதில், 2013இல், பத்திரிகைக்குச் சொன்னபோது அது ஆறுதலாக இருந்ததென்றார். அந்த ஆறுதல் எத்தகையதென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவதாகக் கண்ட மனநல வைத்தியர் சிரிக்கவில்லை. என் பிள்ளைப் பருவத்தை நேரிற் கண்ட ஒருவருடன் பேச வேண்டுமென்றார். தாயும் தகப்பனும் இல்லை. வவுனியாவிலிருக்கும் அண்ணருக்கு வயது 70. தொலைபேசியில் அவர் வைத்தியருக்குச் சொன்னதை நானும் பக்கத்திலிருந்து கேட்டேன்.

எனக்கு ஐந்து வயதில், பெரியம்மா வீட்டுக்கு வந்து, "போய் வருகிறேன், பிள்ளை" என்று சொல்லிப் புறப்பட்டா. வருகிறேன் என்றவ வரத்தானே வேண்டும்? நான் படலையடியில் இருந்து காத்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. மற்றப் பிள்ளைகள் சூழ நின்று சிரித்தார்கள். இவ்வளவும் எனக்கு ஞாபகமிருக்கிறது. அண்ணர் மேலும் சொன்னார்: "பிறகு அம்மா வந்து இவளுக்குப் பக்கத்தில் இருந்தா. உள்ளே வா என்று இழுக்கவுமில்லை, அது சும்மா சொல்லுகிற சொல்லு என்று விளக்கவுமில்லை. பொழுதுபடுமட்டும் இரண்டு பேரும் வீதியைப் பார்த்துக்கொண்டு இருந்தவை. நாங்கள் அம்மாவையும் சேர்த்துத்தான் சிரித்தனாங்கள்."

அம்மா வந்திருந்ததை நான் மறந்திருந்தேன். வைத்தியரின் அறையில், 61 வயதில், நான் அழுதேன். எண்ணுவதற்கு அங்கே கதிரைகள் இரண்டே இருந்தன.

பெரும்பாலும் ஓட்டிசமே என்றும், முடிவாகச் சொல்ல இன்னும் இருமுறை வரவேண்டுமென்றும் வைத்தியர் கூறியிருக்கிறார். அடுத்த தவணை வருகிற மாதம். வீடு வந்து கணவரிடம் விபரத்தைச் சொன்னேன். "அதற்கு ஒரு பெயரும் இருக்கிறதோ?" என்று கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பத்திரிகைக்குத் திரும்பினார். மச்சாளுக்கு இன்னும் சொல்லவில்லை. இதை வாசித்து அறிந்துகொள்வா.

முன்பெல்லாம் பேரன் தொலைபேசித் திரையில் தோன்றியதும், "அம்மம்மாவைப் பார், வணக்கம் சொல்லு" என்று எல்லோரும் அவனை வருத்துவோம். இப்போது அதை விட்டுவிட்டோம். அவன் பெட்டிகளை அடுக்குவான், நான் இங்கே பயற்றங்காய் முறிப்பேன். சில நாட்களில் இருபது நிமிடம் வரையில் ஒரு வார்த்தையும் இராது. போன ஞாயிறு அவன் நீளமாக ஒரு ரயிலை அடுக்கினான். சிறுமியாக இருந்த நாளில் யாழ்தேவி செல்லும் பாதையின் நிலையங்களை நான் வரிசையாக ஒப்புவிப்பது வழக்கம். வீட்டார் சலித்துப் போவார்கள். அதை மெல்லிய குரலில் ஒப்புவித்தேன். கிளிநொச்சி, பரந்தன், பளை, கொடிகாமம், சாவகச்சேரி. நாவற்குழிக்குப் பின் வேண்டுமென்றே நிறுத்தினேன். அவன் தலை நிமிரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். மூன்றாம் முறை நான் நிறுத்திய இடத்தில், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "யாழ்ப்பாணம்" என்றான்.

தேசிக்காய் அடுத்த வாரம்.