தெருநாய் யாருடைய நாய்?

‘செலவழிக்க வசதியில்லாதவர் எதற்காக இத்தனை உயிர்களை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்?’ கருத்தரங்கத் தேநீர் இடைவேளைகளில், படித்தவர்கள் மிக இயல்பாகக் கேட்கும் வினா இது. கேட்பவர்களுள் பலர் விலங்குரிமை குறித்துக் கட்டுரை வாசித்தவர்கள் என்பதே என்னை எழுதத் தூண்டியது. அடிபட்ட விலங்கைத் தொட்டவரே அதன் கடன்காரர் என்னும் முன்முடிவு அவ்வினாவுக்குள் உறைந்து கிடக்கிறது. அம்முன்முடிவு தவறு, தவறு என்பதோடு, அது ஒரு பொதுக்கடமையைச் சில ஏழை வீடுகளின் தலையில் இறக்கிவைக்கும் தந்திரமும் ஆகும். இதை நிறுவுவதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலை என நீளும் எங்கள் எல்லைக் கிராமங்களில் விலங்குகளை மீட்பவர்கள் தொண்டு நிறுவனத்தார் அல்லர். விடியுமுன் ரப்பர்த் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போகும் பெண்கள், மீன் விற்போர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள் ஆகியோரே அவர்கள். தோட்டத்து ஓரத்திலும் கால்வாய்க் கரையிலும் கண்திறவாத குட்டிகளைச் சாக்கில் கட்டிப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் வசதி உள்ளவர்கள். அச்சாக்கை அவிழ்க்கிறவர்கள் வசதி இல்லாதவர்கள். ‘ஏன் எடுத்தாய்?’ என்று பின்னவரைக் கேட்கும் சமூகம், ‘ஏன் போட்டாய்?’ என்று முன்னவரைக் கேட்பதில்லை.

அவசர சிகிச்சையின் செலவு ஏன் இவர்களை உடைக்கிறது என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு நாய்க்குக் கால் முறிந்தால் எக்ஸ்ரே, மயக்க மருந்து, அறுவை, தகடு, பின்பராமரிப்பு எனச் செலவு ஒரு கோட்டில் செல்லும். பல விலங்குகள் உள்ள வீட்டில் நோய் அப்படி வருவதில்லை. பார்வோ வைரஸ் ஒரு குட்டியின் குடற்சுவரைத் தாக்கியது தெரியவரும்போது, எஞ்சிய குட்டிகளின் உடலிலும் அது புகுந்திருக்கும். அதற்கென நேரடியான மருந்து பெரிதாக எதுவும் இல்லை. வாந்தியிலும் பேதியிலும் இழந்த நீரை நாள்தோறும் குளுக்கோஸ் ஏற்றி ஈடுசெய்ய வேண்டும். இரண்டாம் நிலைத் தொற்றைத் தடுக்க வேண்டும். குட்டியின் உடல் தானே வெல்லும்வரை அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். வைரஸோ மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். ஆகவே தனிக்கூடு, தனிப் பாத்திரம், பிளீச்சிங் பவுடர், இரவுக் கண்விழிப்பு என ஒவ்வொன்றும் குட்டிகளின் எண்ணிக்கையால் பெருகும். ஒரு வீட்டின் வருமானம் அவ்வாறு பெருகுவதில்லை.

எங்கள் சித்தி வீட்டில் ஏழு குட்டிகளுக்கு ஒரே வாரத்தில் இந்நோய் வந்தது. அழைத்துச் சென்ற தனியார் மருத்துவமனையில், உள்நோயாளியாகச் சேர்க்குமுன் ஒவ்வொரு குட்டிக்கும் முன்பணம் கேட்டார்கள். கையில் இருந்தது மூன்று குட்டிகளுக்கே போதுமானது. எந்த மூன்று? வலுவானவற்றையா, அவை பிழைக்கும் என்பதற்காக? மெலிந்தவற்றையா, அவற்றுக்கு உடனே தேவை என்பதற்காக? அறவியல் வகுப்பில் இது ஒரு சிந்தனைச் சோதனை. அந்த வரவேற்பு மேசையின் முன், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு பெண் ஐந்து நிமிடத்தில் விடை சொல்லியாக வேண்டியிருந்தது. அவர் காதில் கிடந்த கம்மல் மறுநாள் பணயத்துக்குப் போயிற்று. நான்கு குட்டிகள் பிழைத்தன. இதை ‘அன்பின் வெற்றி’ என்று எவரும் பாராட்ட வேண்டாம். இது ஒரு நிறுவனத் தோல்வியின் கணக்கு.

இங்கே ஒரு சொல்லை நிறுத்திப் பார்க்கலாம். அடகுக்கு எங்கள் பக்கத்தில் ‘பணயம்’ என்று பெயர். அடகுவைத்த நகையைத் திரும்பப் பெறுவதும் ‘மீட்பு’. ஆபத்திலிருந்து உயிரைக் காப்பதும் ‘மீட்பு’. ஒன்றை மீட்க மற்றொன்றை அடகு வைப்பதும், பின் அதை மீட்க முடியாமல் போவதும் இவ்வூர்களின் நடைமுறை. தமிழ் தற்செயலாக இணைத்துவைத்த இரு பொருள்களை வறுமை நிரந்தரமாக இணைத்துவிட்டது.

மருத்துவர்களை வில்லன்களாக்குவது என் நோக்கமன்று. தனியார் கால்நடை மருத்துவர் வாடகை தருகிறார், கருவிக்குக் கடன் கட்டுகிறார், ஊதியம் தருகிறார். ‘சேவைதானே’ என்று நள்ளிரவில் எழுப்பி, பணம் தராமல் போகிறவர்களையும் அவர் பார்த்திருக்கிறார். கேரளத்தின் அரசுக் கால்நடை மருத்துவக் கட்டமைப்பு ஊராட்சிதோறும் பரவியிருப்பதும் உண்மையே. அதிகாரப் பரவலாக்கத்தின்போது அவை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டதும் பாராட்டத்தக்கது. 1962 என்னும் எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும் திட்டமும் உண்டு. ஆயினும் இவற்றின் மையம் பசுவும் ஆடும் கோழியும். நேரம் பெரிதும் பகல். இரவு பத்து மணிக்குத் தேசிய நெடுஞ்சாலை 66இல் இடுப்பெலும்பு நொறுங்கிய நாய்க்கு வேண்டியது ஊசி மட்டுமன்று. எக்ஸ்ரேயும் அறுவை அரங்கும் உள்நோயாளிக் கூடும் வேண்டும். பாறசாலையிலிருந்து குடப்பனக்குன்னில் உள்ள அரசுப் பல்துறைக் கால்நடை மருத்துவமனை ஏறத்தாழ 40 கி.மீ. மண்ணுத்தியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி ஏறத்தாழ 300 கி.மீ. இதைவிடத் திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள கல்லூரி எங்களுக்கு மிக அருகில். ஆனால் அது அடுத்த மாநிலம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு ஒரு பக்கமும் நெய்யாற்றின்கரை மறுபக்கமும் போயின. களியக்காவிளைச் சாலையைக் கடக்கும் நாய்க்கு இச்செய்தி இன்னும் எட்டவில்லை.

இனி, மொழியியல் மாணவராக நான் சொல்லக்கூடிய முதன்மையான வாதம். மருத்துவமனைப் படிவத்தில் ‘உரிமையாளர்’ என ஒரு கட்டம் உண்டு. தூக்கி வந்தவர் அதில் கையெழுத்திட்ட கணத்தில், வழிப்போக்கர் சொத்துடையவர் ஆகிறார். சொத்துடையவர் கடனாளி ஆகிறார். அக்கட்டத்துக்கு மாற்றாக வேறொரு கட்டம் படிவத்தில் இல்லை. அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 15ஆம் பதிவு கால்நடை மருத்துவத்தைக் குறிப்பிடுகிறது. அப்பதிவில் வரும் ஒரு சொல் ‘ஸ்டாக்’. இருப்பு, சரக்கு, முதல் என்னும் பொருள்களோடு உறவுடைய சொல் அது. பழந்தமிழில் ‘மாடு’ செல்வத்தையும் குறித்தது போன்றதே இதுவும். விலங்கைச் செல்வமாகக் கருதும் அமைப்பில், சிகிச்சைக்கு நியாயமான செலவு அதன் சந்தை விலைவரை. விலையே இல்லாத நாய்க்கு, அக்கணக்கின்படி, நியாயமான செலவு சுழியம்.

அடுத்து, ‘தெருநாய்’ என்னும் தொகைச்சொல். ‘தெருவில் வாழும் நாய்’ என்று விரித்தால் அது ஏழாம் வேற்றுமை, இடப்பொருள் மட்டுமே. ‘தெருவினது நாய்’ என்று விரித்தால் ஆறாம் வேற்றுமை, கிழமைப்பொருள். அரசு முதல் விரிவையே ஏற்கிறது: நாய் அங்கே இருக்கிறது, எவருக்கும் உரியதன்று. நான் இரண்டாவதை முன்வைக்கிறேன். தெரு ஊராட்சியுடையது, தெருவிளக்கு பழுதானால் அதைச் சீர்செய்யும் செலவு விளக்கின் கீழே நின்றவருடையதன்று. தெருவினது நாய் அடிபட்டால் அச்செலவு மட்டும் ஏன் அருகே நின்றவருடையதாக வேண்டும்?

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? அரசமைப்பின் 51ஏ(ஜி) உயிர்களிடத்து இரக்கம் காட்டுவதைக் குடிமக்களின் கடமையாக்குகிறது. அக்கடமையை நிறைவேற்றும் குடிமகனுக்கு அரசு என்ன தரும் என்பது அங்கில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, வதைக்கு உள்ளான விலங்குகளுக்கான சிகிச்சை நிலையங்களைப் பற்றிப் பேசுகிறது. செலவை உரிமையாளர் ஏற்க வேண்டும் என்கிறது. உரிமையாளர் வறியவராயின் சிகிச்சைக் கட்டணம் வேண்டாமென நடுவர் ஆணையிடலாம் என்றும் சொல்கிறது. ஆக, வறுமை சிகிச்சைக்குத் தடையாகக் கூடாது என்னும் எண்ணம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகவே நம் சட்டத்தில் உண்டு. குற்றம் செய்த உரிமையாளரின் வறுமைக்குக்கூட இடமளித்த சட்டம், குற்றமே செய்யாமல் தூக்கிவந்தவரின் வறுமையைக் கருதவில்லை. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின் மையம் கருத்தடையும் தடுப்பூசியும். குணமாகாத நோயுடைய, மரணக்காயமுற்ற நாய்களைக் கருணைக்கொலை செய்யும் முறையும் அவற்றில் வகுக்கப்பட்டுள்ளது. 2025 ஜூலையில் கேரள அரசும் நோயுற்ற தெருநாய்களின் கருணைக்கொலையை அனுமதிக்கும் முடிவை அறிவித்தது. எப்போது கொல்லலாம் என்பதற்கு வழிமுறை உண்டு. எந்நிதியிலிருந்து பிழைக்கவைக்கலாம் என்பதற்கு இல்லை.

எங்கள் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த அடிமலத்துறைக் கடற்கரையில், 2021 ஜூனில் புரூனோ என்னும் நாய் அடித்துக் கொல்லப்பட்டது. கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. வழக்கின் தலைப்பிலேயே புரூனோவின் பெயரைச் சேர்த்தது. விலங்குப் பாதுகாப்பில் அரசின் செயலின்மையையே அத்தலைப்பு பேசியது. நீதிமன்றத்தின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: புரூனோவுக்கு வளர்த்தவர்கள் இருந்தார்கள், கொலையின் காணொளி இருந்தது. காணொளி இல்லாமல், உரிமையாளர் இல்லாமல், மெதுவாகப் புழுவைத்துச் சாகும் காயத்துக்கு வழக்குத் தலைப்பு கிடைப்பதில்லை.

அதனால்தான் மீட்பாளர்கள் காணொளி எடுக்கிறார்கள். குருதி தெரிந்தால் நிதி வரும். வெண்ணிறக் குட்டிக்கு வரும், சொறிபிடித்த முதிய நாய்க்கு வராது. ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவருக்கு வரும், பால்வெட்டும் பெண்ணுக்கு வராது. இணையவழி நன்கொடையை நான் பழிக்கவில்லை. அது பல உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் வலியைக் காட்சிப்படுத்தும் திறனுக்கேற்ப உயிர்களை வரிசைப்படுத்தும் முறையை மருத்துவக் கொள்கை என்று அழைக்க முடியாது. காப்பீடும் இவ்விடத்தில் உதவாது. அடிபட்ட பின் கண்டெடுக்கப்பட்ட உயிருக்கு, அடிபடுமுன் எவர் பாலிசி எடுத்திருப்பார்?

மாற்று கற்பனைக்கு எட்டாததன்று. அசோகரின் இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குக்கும் இருவகை மருத்துவம் ஏற்படுத்தப்பட்டதைச் சொல்லும்போது சோழரையும் பாண்டியரையும் சத்தியபுத்திரரையும் கேரளபுத்திரரையும் எல்லைநாட்டாராகப் பெயர்சுட்டுகிறது. எல்லைக்கு அப்பாலும் மருந்து செல்ல வேண்டும் என்னும் எண்ணம் அத்துணைப் பழையது. 1917இல், போர்க்காலத்து இலண்டனின் ஏழைகள் வாழ்ந்த கிழக்குப் பகுதியில், மரியா டிக்கின் ஏழைகளின் விலங்குகளுக்கென இலவச மருத்துவ நிலையம் தொடங்கினார். அவ்வமைப்பு இன்றும் இயங்குகிறது. 1959இல் சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ், 1964இலேயே நாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை முன்வைத்தது. சென்னை மாநகராட்சி அதை ஏற்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. தனியார் இரக்கம் வழிகாட்டலாம். சுமையை ஏற்க வேண்டியது பொது நிறுவனம்.

‘மனிதருக்கே மருத்துவம் போதவில்லை’ என்பது அடுத்த மறுப்பு. நாய்க்கடியின் கொடுமையை நான் குறைத்துப் பேசவில்லை. கடிபட்டோரின் இழப்பீட்டை ஆராய 2016இல் உச்ச நீதிமன்றமே நீதிபதி சிரிஜகன் தலைமையில் குழு அமைத்த மாநிலம் இது. ஆனால் தெருநாயை அருகில் சென்று தொடக்கூடியவர், கூட்டில் ஏற்றக்கூடியவர், தடுப்பூசிக்குப் பிடித்துக்கொடுக்கக்கூடியவர் இம்மீட்பாளரே. வெறிநோய்க்கும் எலிக்காய்ச்சலுக்கும் மனித, விலங்கு எல்லை கிடையாது. அவரைக் கடனில் ஆழ்த்தி விலகச்செய்தால், ஊராட்சி இழப்பது தன் முதல் வரிசைப் பொதுச் சுகாதாரப் பணியாளரை.

‘அளவுக்கு மீறிச் சேர்க்கிறார்கள்’ என்பது இன்னொன்று. சிலர் சேர்க்கிறார்கள், நெரிசல் நோயைப் பெருக்குவதும் உண்மை. அப்படியானால் வரம்பு வகுங்கள், பதிவு செய்யுங்கள், மேற்பார்வையிடுங்கள். உதவி எதுவும் தராமல் வரம்பை மட்டும் பேசுவது கண்டிப்பு அன்று, கைகழுவல்.

கோரிக்கைகள் நான்கு. ஒன்று, ஒவ்வோர் ஊராட்சியும் தன் திட்ட நிதியில் உரிமையாளரற்ற விலங்குகளுக்கான அவசர சிகிச்சை நிதியை ஒதுக்க வேண்டும். நிர்ணயித்த கட்டணத்தைத் தனியார் மருத்துவருக்கும் நேரடியாகச் செலுத்த வேண்டும். இரண்டு, படிவங்களில் ‘கொண்டுவந்தவர்’ எனத் தனிக்கட்டம் வேண்டும்; அதில் கையெழுத்திடுவது கடனேற்பு ஆகாது. மூன்று, நெய்யாற்றின்கரையிலோ பாறசாலையிலோ இருபத்துநான்கு மணிநேர உள்நோயாளி வசதியும், கன்னியாகுமரி மாவட்டத்தோடு எல்லைகடந்த சிகிச்சை உடன்பாடும் வேண்டும். நான்கு, பதிவுபெற்ற மீட்பாளர்களின் விலங்குகளுக்குத் தடுப்பூசி இலவசம் ஆக வேண்டும். பார்வோவுக்குத் தடுப்பூசி போடும் செலவு, பார்வோவுக்குச் சிகிச்சை தரும் செலவின் அருகில்கூட வராது.

இறுதியாக நம் வளாகங்கள். 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள் உள்ளிட்ட இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்க ஆணையிட்டது. அவ்வாணையை ஏற்போரும் எதிர்ப்போரும் ஒன்றில் உடன்பட்டாக வேண்டும்: மருத்துவமனை இல்லாத காப்பகம், நோய் ஒன்றிலிருந்து நூறுக்குப் பரவும் கூடம். இதுவரை நம் வளாக நாய்களின் சிகிச்சைச் செலவை ஏற்றவர்கள் யார்? மத்தியப் பல்கலைக்கழகங்களில் மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகையில் வாழும் நெட் அல்லாத ஆய்வாளர்களும், விடுதிக் காவலர்களும், துப்புரவுப் பணியாளர்களும். பேராசிரியப் பெருமக்களே, விலங்குகளின் முகவாண்மை குறித்த அடுத்த கருத்தரங்கின் வரவுசெலவில், மேடை மலர்க்கொத்துகளுக்கான தொகையை எடுத்துவிட்டு ‘வளாக விலங்குகளின் அவசர சிகிச்சை’ என ஒரு வரியைச் சேருங்கள். துறைக்கூட்டத்தில் அவ்வரியை முன்மொழிபவர் எவரோ, அவரோடு மட்டும் இனி இவ்விவாதத்தைத் தொடர விரும்புகிறேன்.