நடக்கும்போது தெரியும் நோய்

“அவருக்கு ஒரு குறையுமில்லை, மூச்சு வாங்குவதுமில்லை” என்று இருதய நோயாளியின் மனைவி வைத்தியரிடம் கூறுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். அவர் கூறுவது பொய்யன்று. எனினும், முன்பு சந்தைக்கு நடந்து சென்றவர் இப்பொழுது மகனை அனுப்புகிறார். மாடியிற் படுத்தவர் கீழேயே பாயை விரித்துக்கொள்கிறார். உழைப்புக் குறைந்தமையால் நோய் மறைந்திருக்கிறதேயன்றி நீங்கிவிடவில்லை.

வால்வுகள் இருதயத்தின் கதவுகள். இடது சோணையறைக்கும் இடது இதயவறைக்கும் இடையேயுள்ள இருகூர் வால்வு, இளவயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலினால் தடித்து ஒடுங்குவதுண்டு. 4 முதல் 6 சதுர சென்ரிமீற்றர் வரை இருக்கவேண்டிய வாயில், 1.5 சதுர சென்ரிமீற்றர் அளவுக்குச் சுருங்கினால் அது கடுமையான ஒடுக்கமாகும். ஓய்வாயிருக்கையில் இரத்தம் அவ்வழியே செல்ல அவகாசமுண்டு. நடக்கும்போதோ நாடி விரைகிறது. இதயவறை தளர்ந்து இரத்தத்தை ஏற்கும் நேரம் குறைகிறது. போக வழியற்ற இரத்தம் பின்னே தேங்க, சுவாசப்பையில் அமுக்கம் ஏறி மூச்சு முட்டுகிறது.

ஆகவேதான் வைத்தியர்கள் சில நோயாளரை நடக்கவைத்துச் சோதிக்கின்றனர். அமெரிக்காவின் சியாற்றில் நகர வைத்தியர் றொபேட் புரூஸ் 1963இல் வெளியிட்ட முறைப்படி, நோயாளி ‘ட்ரெட்மில்’ எனும் ஓடும் பட்டையில் நடப்பார். 3 நிமிடங்களுக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூட்டப்படும். தளர்ந்தவர்க்கு மென்மையான முறைகளும் உண்டு. மூச்சு, மார்பு நோவு, தலைச்சுற்று, இருதய மின்வரைவு யாவும் கவனிக்கப்படும். உழைப்பின்போது ஏறவேண்டிய இரத்த அமுக்கம் இறங்குமாயின் அஃது அபாய அறிகுறியாகும். சோதனை அக்கணமே நிறுத்தப்படும்.

ஓர் எச்சரிக்கை: பெருநாடி வால்வு கடுமையாக ஒடுங்கி, மயக்கமோ மார்பு நோவோ மூச்சிளைப்போ முன்னரே கண்டவர்க்கு இச்சோதனை ஆகாது. அவ்வறிகுறிகளே போதிய சாட்சி. அவருக்கு வேண்டியது தாமதமற்ற சிகிச்சை. “படியேறிப் பார்ப்போம்” என்று வீட்டிற் சோதிப்பதும் கூடாது.

குடும்பத்தார் செய்யவேண்டியது வேறொன்று. சென்ற வருடம் அவர் எளிதாகச் செய்த வேலைகளுள் எதனை இவ்வருடம் கைவிட்டார் என்று எண்ணிப் பாருங்கள். அதனை வைத்தியரிடம் மறைக்காது கூறுங்கள். நோயாளி உணராத மாற்றத்தை உடனிருப்போர் கண்டு சொல்வது, உயிர்காக்கும் உதவியாகலாம்.